மூன்றுக்குப் பிறகு ஆறு

ஊரில் உள்ள குட்டிப் பிள்ளைகளுக்கெல்லாம் எண்ணும் நிறமும் சொல்லித்தரும் அட்டைப் புத்தகங்களை எழுதிப் படம் போடுகிறவள் நான். என் வீட்டு வாண்டு மட்டும் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, ஆறு’ என்று எண்ணினான்.

இரண்டரை வயது. படி ஏறினாலும் மூணுக்கு அப்புறம் ஆறு, சட்டைப் பொத்தான் போட்டாலும் ஆறு. திருத்தினால், “இல்ல, ஆறு!” என்று என்னையே முறைப்பான். முதலில் சிரித்தோம். பிறகு விளையாட்டுப் பள்ளி மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட காமிச்சிடுங்களேன்” என்றார். அந்த ‘எதுக்கும்’ என்னை டாக்டருக்குப் போன் போட வைத்தது. திங்கட்கிழமை காலைக்கு நேரம் வாங்கினேன்.

“ஊருக்குத்தான் உபதேசமா அண்ணி?” என்றாள் நாத்தனார், போனில். வைத்துவிட்டு அழுதேன். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நாள் முழுக்கத் தவளையும் வாத்தும் வரைந்துவிட்டு வந்தால் வீட்டில் எண்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். வாண்டுக்குப் படித்துக் காட்டுவது அவன் அப்பாவின் வேலை. நான் போட்ட புத்தகம்தானே என்று வீட்டுப் பிரதியைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

அதன் முனையை அவன் கடித்துக் கடித்துக் கூராக்கி, கன்னத்தையும் கீறிக்கொண்டான். சனிக்கிழமை, என் புத்தகங்கள் தயாராகும் அச்சகத்துக்கு எடுத்துப் போனேன். அட்டை ஒட்டும் அண்ணன் முனையை வெட்டி வளைவாக்கித் தருவார்.

அவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார். இன்னொரு தரம் ஓட்டினார்.

“என்னம்மா, உள்ளே அஞ்சு அட்டை இருக்கணுமே. நாலுதான் இருக்கு.”

“கிழிச்சிருப்பான்ண்ணே.”

“கிழிக்கலை. நடுவுல ஒண்ணு ரெட்டைத் தடிமன், பாருங்க. பசை வழிஞ்சு ரெண்டு அட்டை ஒட்டிக்கிச்சு. இது நாங்க கழிச்சுப் போட்டதாச்சே! உங்க வீட்டுக்கு எப்படி வந்தது?”

எப்படி வரும்? கழிவுப் பெட்டியிலிருந்து, சும்மா கிடைக்கிறதே என்று நான்தான் பைக்குள் போட்டேன்.

அண்ணன் மெல்லிய கத்தியை நுழைத்துப் பிரித்தார். நாலு பச்சைத் தவளை, அஞ்சு மஞ்சள் வாத்து. எச்சில் கறை இல்லை, பல் தடம் இல்லை, புத்தம் புதுசு. மூணு இருந்த பக்கத்தைப் புரட்டினால் இத்தனை நாளும் நேரே ஆறுதான். என் பிள்ளை பிசகவே இல்லை. இருந்ததை இருந்தபடி படித்திருக்கிறான். பசை வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரவும் அண்ணன் பயந்துபோய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்.

“தினமும் படிச்சீங்களே, கவனிக்கலையா?” என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

“ஆறுன்னு போட்டிருந்தது, ஆறுன்னு படிச்சேன். நீ எழுதினதுல நான் தப்புக் கண்டுபிடிக்கவா?”

அரைத் தூக்கத்தில் படித்திருப்பார். வேறு நாளாக இருந்தால் நடப்பதே வேறு. அன்றைக்கு யார்மீதும் எனக்குக் கோபம் வருவதாக இல்லை.

வாண்டு புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துப் புரட்டினான். மூணுக்கு அடுத்த பக்கம் வந்ததும் நின்றான். என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். தவளைகள்மேல் விரல் வைத்து, “ஒண்ணு, ரெண்டு, மூணு...” என்றான். கடைசித் தவளையில் விரல் நின்றது. சட்டென்று அடுத்த பக்கம் புரட்டி, ஆறு பட்டாம்பூச்சியும் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. திரும்ப வந்தான்.

“அம்மா, இது ஆறு இல்ல. இன்னும் ஒண்ணு இருக்கு, அதுக்குப் பேரு என்ன?” என்றான்.