வசந்தாமணி வீட்டுக் கொல்லையில் விழுந்த பந்துகள்

ஸ்வீடன்காரன் சிக்ஸ்டன் ஹெட்மார்க் சொந்த நாட்டில் அடித்த கோல்களின் பந்துகள் எல்லாம் ஒழுங்காக வலைக்குள்ளேயே கிடந்தன. நாடு தாண்டிப் போய் அடித்த கோல்களின் பந்துகள் மட்டும், கோல் விழுந்த மறுநொடியே வலையிலிருந்து காணாமல் போய், பொள்ளாச்சி வசந்தாமணி அப்போது குடியிருந்த வீட்டின் கொல்லையில் வந்து விழுந்தன. கொல்லை இல்லாத வீட்டில் இருந்தபோது பால்கனியில் விழுந்தன. இதுவரை இருநூற்றுப் பதினான்கு பந்துகள். இதில் ஒன்றுகூட யார் தலையிலும் விழவில்லை, எந்தக் கண்ணாடியையும் உடைக்கவில்லை. பறவை வந்து உட்காருவதுபோல் பதவிசாக இறங்கின என்றுதான் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

முதல் பந்து நியூஜெர்சியில், ஐசலினில், ஓக் ட்ரீ ரோட்டுக்குப் பின்னால் இருந்த அபார்ட்மென்டின் இரண்டாம் மாடியில் விழுந்தது. வசந்தாமணி கல்யாணமாகி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டு ஸ்வெட்டர் மேலே ஒரு ஜாக்கெட் போட்டுக்கொண்டு, இந்தக் குளிரில் துணி காயுமா காயாதா என்று பால்கனியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தாள். பந்து நேராகத் துணிக்கூடைக்குள் விழுந்தது. தொட்டால் சுடச்சுட இருந்தது, தையலில் நாலு புல் ஒட்டியிருந்தது. கணவன் நாச்சிமுத்து, ஆபீஸில் வெள்ளைக்காரர்கள் வாயில் நுழையாமல் 'நாச்' ஆகிப்போனவன், மேல்வீட்டுக் குஜராத்திப் பையனுடையதாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு போய்க் கேட்டான். அவர்கள் வீட்டில் பையனே இல்லை. அடுத்த ஞாயிறு இரண்டு பந்து விழுந்தன. அதற்கடுத்த வாரம் நாச்சிமுத்து இணையத்தில் தேடி, துருக்கியில் மஞ்சள் தலைமுடிக்காரன் ஒருவன் முழங்காலால் பந்தை வலைக்குள் தள்ளுவதையும், பந்து அங்கேயே மறைவதையும், நடுவர் அலட்டிக்கொள்ளாமல் வேறு பந்து கேட்டு வாங்குவதையும் பார்த்தான். ஹெட்மார்க் ஆடும் நாளில் கூடுதலாக ஆறு பந்து வைத்திருக்க வேண்டும் என்று அந்த லீகில் விதியே போட்டுவிட்டார்கள்.

வசந்தாமணி ஊரில் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவள். அவள் பழக்கிய கோ-கோ அணி இரண்டு முறை மாவட்டத்தில் ஜெயித்தது. கணவனின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்ததால் அமெரிக்காவில் வேலை பார்க்க அவளுக்கு அனுமதி இல்லை. பல வருஷம் கழித்து அனுமதி அட்டை தபாலில் வந்தது. அதற்குள் மகள் தென்றல் பிறந்து வளர்ந்து, வேலை தேடும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த விசில் மட்டும் நகைப்பெட்டியில் இருந்தது. ஆகவே விழுந்த ஒவ்வொரு பந்திலும் தேதியை மார்க்கரால் எழுதி வைப்பதுதான் அவளுக்கு வாரா வாரம் வந்த உத்தியோகம். அதை அவள் ரசித்துச் செய்தாள். காற்றிறங்கிய அந்த முதல் பந்துமேல் அவளுக்குத் தனிப் பிரியம்.

மூன்று வருஷத்தில் ஹெட்மார்க் துருக்கியிலிருந்து நெதர்லாந்துக்குப் போனான். நாச்சிமுத்து கலிபோர்னியா டப்ளினுக்கு மாறினான். வீடு மாறினால் பத்து நாளைக்குள் குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நாச்சிமுத்து ஒன்பதாம் நாள் தெரிவித்தான். பந்துகளுக்கு யாரும் தெரிவிக்கவில்லை, ஆனால் அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கும் முன்பே புதுக் கொல்லையில் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. நெதர்லாந்துப் பந்துகள் காலையில் டிக்காஷன் இறங்கும் நேரத்தில் விழுந்தன. பிறகு அவன் ஜப்பானுக்குப் போனதும் படுக்கப் போகும் நேரத்தில் விழுந்தன. துருக்கியில் நாற்பத்து நாலு, நெதர்லாந்தில் ஐம்பத்து மூன்று, ஜப்பானில் அறுபத்தொன்று. கராஜ் நிரம்பியது, கார் வெளியே நின்றது. ஒன்பதாம் வருஷம் நாச்சிமுத்துவின் கம்பெனி அவனை டெக்சஸ் ரவுண்ட் ராக்குக்கு அனுப்பியபோது, வாடகை லாரியில் பாதி இடம் பந்துகளுக்கே சரியாய்ப் போனது. அதே மாதம் ஹெட்மார்க்கும் டெக்சஸ் கிளப் ஒன்றில் கையெழுத்துப் போட்டான். மைதானம் வசந்தாமணி வீட்டிலிருந்து அரை மணி நேர டிரைவ்.

இதனால் ஒரு புது வேடிக்கை உண்டாயிற்று. டிவியில் வரும் நேரலை நாற்பது நொடி பிந்தி வந்தது. பந்துக்கு அந்தத் தாமதமெல்லாம் கிடையாது. டிவியில் அவன் இன்னும் நடு மைதானத்தில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பான், கொல்லையில் 'தொப்' என்று சத்தம் கேட்கும். நாச்சிமுத்து சோபாவில் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கிவிடுவான். இந்த விஷயம் பரவி, சனிக்கிழமைகளில் தமிழ்ச் சங்கத்து ஆட்கள் சமோசாவும் மடக்கு நாற்காலியும் எடுத்துக்கொண்டு டிவி பக்கமே திரும்பாமல் கொல்லையில் வந்து உட்கார்ந்தார்கள். குடியிருப்புச் சங்கத்திலிருந்து, ஒரு வீட்டுப் புல்வெளியில் ஒரே நேரத்தில் நாலு பந்துக்கு மேல் தெரியக் கூடாது என்று கடிதம் வந்தது.

கிளப்பிலிருந்து சாமான் பொறுப்பாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனார். அடுத்த ஞாயிறு ஹெட்மார்க்கே வந்தான். வாசற்படியில் குனிந்து நுழைய வேண்டிய உயரம். கராஜில் ஒவ்வொரு பந்தாக எடுத்துப் பார்த்து, இது மழையில் அடித்தது, இது ஆஃப்சைடோ என்று பயந்தது, இது முழங்காலில் பட்டுத் தானாகப் போனது என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் சொன்னான். அவனுக்கு ஆச்சரியமே இல்லை. சின்ன வயதில் அவன் உதைத்த பந்தெல்லாம் அவன் அம்மா குனில்லாவின் ஸ்ட்ராபெரிப் பாத்தியில்தான் விழுமாம். அவன் வெளிநாடு கிளம்பிய அன்று, "இனிமே யார் வீட்டுத் தோட்டத்துல போய் விழப்போகுதோ, அந்தப் பொம்பளைதான் பாவம்" என்றாளாம். அதைச் சொல்லிவிட்டு வசந்தாமணியைப் பார்த்து மன்னிப்பு வேறு கேட்டான்.

"அதுக்கென்னங்க தம்பி, வரட்டும்ங்க. நம்மூரு மண்ணா இருந்தா என்ன, அசலூரு மண்ணா இருந்தா என்ன" என்று வசந்தாமணி அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய்யை ஊற்றினாள். அவன் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். அன்று முதல் அவன் அந்த வீட்டுப் பிள்ளை.

இரண்டாம் வருஷம் ஆயுத பூஜை திங்கட்கிழமை வந்தது. அமெரிக்காவில் திங்கட்கிழமை பண்டிகை வருவதில்லை, வந்தாலும் தானாகச் சனிக்கிழமைக்கு நகர்ந்துகொள்ளும். சனிக்கிழமை சாமி அலமாரி முன்னால் நாச்சிமுத்துவின் லேப்டாப், கார் சாவி, தென்றலின் புத்தகப் பை, வசந்தாமணியின் விசில் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பிள்ளைமாதிரி ஆகிவிட்டவனின் தொழிலும் நன்றாக நடக்கட்டும் என்று, வசந்தாமணி அந்த முதல் பந்துக்கும் பொட்டு வைத்து அலமாரியில் ஏற்றினாள். பூஜையில் வைத்ததை மறுநாள் எடுத்து, ஒரு தடவையாவது உபயோகிக்க வேண்டும். பிள்ளைகள் ஒரு வரி எழுதுவார்கள், வண்டிக்காரன் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றுவான். மறுநாள் தென்றலுக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். அர்ஜென்ட் கேர் ஆஸ்பத்திரியில் பகல் முழுக்கப் போயிற்று. திங்கட்கிழமை காலையில் நாச்சிமுத்து லேப்டாப்பையும் சாவியையும் உருவிக்கொண்டு ஓடினான், காய்ச்சல் விட்டதும் தென்றல் பையை எடுத்தாள். திங்கட்கிழமை யாருக்கும் தேவைப்படாத இரண்டு சாமான் மட்டும் அலமாரியிலேயே தங்கிவிட்டன. சாமிகிட்டதானே இருக்கு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று வசந்தாமணி தினமும் விளக்கேற்றும்போது அவற்றுக்கும் ஒரு பூ வைத்தாள்.

அதற்குப் பிறகு பந்து விழவில்லை. நூற்றுத் தொண்ணூற்றேழோடு நின்றுவிட்டது. அந்த சீசனின் கடைசி மூன்று ஆட்டம், அடுத்த சீசனில் பதினாலு ஆட்டம், ஆக பதினேழு. ஹெட்மார்க் அடித்தவை கம்பத்தில் பட்டன, கோல்கீப்பரின் காலில் பட்டன, ஒருமுறை காலி வலைக்கு முன்னால் நின்று அடித்தது வானத்துக்குப் போயிற்று. வயதாகிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. தமிழ்ச் சங்கத்து ஆட்கள் மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மே மாதம், இந்த ஞாயிறு ஆட்டத்தோடு அவனை விடுவிக்கிறோம் என்று கிளப் அறிவித்தது. அவன் சாப்பிட வந்தபோது ஒரு கரண்டிக்கு மேல் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிறு சாயங்காலம் டிவியில் எழுபத்தெட்டாம் நிமிஷம், அவன் அணி இரண்டு கோல் பின்தங்கியிருந்தது. பார்க்கச் சகிக்காமல் வசந்தாமணி விளக்கேற்றப் போனாள். கைகூப்பிக் கண்ணைத் திறந்தால் எதிரில் பந்து, அதில் காய்ந்த குங்குமம், பக்கத்தில் விசில். கடைசிப் பந்து விழுந்தது பூஜைக்கு முந்தின புதன்கிழமை என்பது அவள் கையால் எழுதிய தேதி.

"அய்யோ சாமி! ஏனுங்க, இங்க வாங்க! அவன் ஆயுதத்தப் பூட்டி வெச்சிருக்கறது நானுங்க! நல்லா ஓடிட்டிருந்த ஒருத்தன் பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்டுட்டனே!"

"என்ன புள்ள சொல்ற? மேட்ச் முடியப்போகுது" என்றான் நாச்சிமுத்து.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ பால். ரிலாக்ஸ்" என்றாள் தென்றல்.

வசந்தாமணி பந்தையும் விசிலையும் வாரிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். வெறுமனே எடுத்தால் போதாது, உபயோகிக்க வேண்டும். கருவேப்பிலைத் தொட்டி இரண்டு வேலியோரம் ஆளுக்கொரு பக்கமாக நின்றன. புடவையாக இருந்தால் இழுத்துச் செருகியிருப்பாள், போட்டிருந்தது நைட்டி, அதையே முழங்கால்வரை தூக்கிப் பிடித்தாள். பதினோரு வருஷம் ஊதாத விசிலை ஊதினாள். தெருவில் இருந்த நாயெல்லாம் குரைத்தன, பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டும் மெஷினை நிறுத்தினார். வெறுங்காலால் ஓங்கி ஒரு உதை. பந்து இரண்டு தொட்டிக்கும் நடுவில் போயிற்று, போனது போனதுதான், வேலியில் பட்ட சத்தம் கேட்கவில்லை.

அவள் வானத்தைப் பார்த்து நின்றாள். கால் கட்டைவிரல் விண்ணென்று தெறித்தது. 'தொப்.' புதுப் பந்து ஒன்று புல்லில் உட்கார்ந்திருந்தது. எடுத்தாள், சுட்டது.

"விழுந்துருச்சுங்க! விழுந்துருச்சு! எம் பையன் அடிச்சுட்டானுங்க!"

டிவியில் அவன் அணிக்கு இன்னும் பூஜ்யம்தான். நாச்சிமுத்து அதைப் பார்ப்பதா இவளைப் பார்ப்பதா என்று வாசற்படியில் திணறிக்கொண்டிருந்தபோதே டிவியிலும் முதல் கோல் விழுந்து கமென்டேட்டர் கத்தினார். சற்று நேரத்தில் கொல்லையில் இரண்டாவது பந்து விழுந்தது. தென்றல் ரிலாக்ஸ் எல்லாம் மறந்து வெறுங்காலோடு கொல்லைக்கு ஓடி வந்து வானத்தைப் பார்த்துக் குதித்தாள். வசந்தாமணி விசிலை விடாமல் ஊதினாள். பக்கத்து வீட்டுக்காரர் வேலிமேல் ஏறி நின்றார். கூடுதல் நேரம் மூன்றாம் நிமிஷம், மூவரும் வானத்தையே பார்த்திருக்க, இருநூறாவது பந்து மெதுவாக இறங்கி வசந்தாமணியின் நீட்டிய கைகளில் உட்கார்ந்தது. நாற்பது நொடி அவர்களுக்கு மட்டும் தெரிந்த வெற்றி அது. அந்த நாற்பது நொடியும் அவள் அழுதாள், பிறகு டிவியோடு சேர்ந்து இன்னொருமுறை கத்தினாள்.

கிளப் அவனை விடவில்லை. வசந்தாமணியும் விசிலை மறுபடி பெட்டியில் வைக்கவில்லை. அதே வாரம் பக்கத்துப் பூங்காவில் பெண் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி தொடங்கினாள். பந்துக்குப் பஞ்சமில்லாத ஒரே அணி டெக்சஸில் அதுதான். முதலில் கோ-கோ ஓட்டம், அப்புறம்தான் பந்து என்பது அவள் சட்டம்.

ஆனால் அந்த முதல் பந்து எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அடுத்த இரண்டு ஆட்டத்தில் ஹெட்மார்க்குக்கு மறுபடி கோல் விழவில்லை. சனிக்கிழமை காலையில் முகம் தொங்க வந்தவன், பேச்சுவாக்கில், அம்மா பேசினாள் என்றான். அந்த ஞாயிறு ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் ஸ்ட்ராபெரிப் பாத்தியில் ஒரு பழைய பந்து கிடந்ததாம், சிவப்பும் மஞ்சளுமாய் ஏதோ பூசியிருந்ததாம். உன்னுடையதுதான், எனக்குத் தெரியாதா என்று சொல்லி, பத்திரமாக அலமாரியில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாளாம்.

வசந்தாமணி கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள். "அலமாரியிலயா? போடுங்க தம்பி வீடியோ கால்!"

திரையில் குனில்லா வந்தாள், ரப்பர் பூட்ஸும் கையில் களைக்கொத்துமாய். வசந்தாமணி போனை வாங்கி, "அம்மா, கும்புடறனுங்க. அத மொதல்ல கீழ எடுங்க. எடுத்து ஒரு உதை உதைங்க. பையன் பொழப்பு அதுலதான் இருக்குதுங்க" என்றாள். தென்றல் அதை இங்கிலீஷில் சொன்னாள், ஹெட்மார்க் ஸ்வீடிஷில் சொன்னான். குனில்லா ஏன் எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. போனைச் சன்னலில் சாய்த்து வைத்தாள், பந்தை எடுத்துப் போய்ப் பாத்திக்கு நடுவில் வைத்தாள், எழுபத்தொரு வயதுக்கு அது நல்ல உதைதான். பந்து திரையின் ஓரத்தில் மறைந்தது.

கொல்லையில் 'தொப்' என்று கேட்டது.

"வந்து சேந்துருச்சுங்கம்மா" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள் வசந்தாமணி. தென்றல் போய் அதை எடுத்து வந்து மற்றவற்றோடு வலைப்பையில் போட்டாள். பூங்காவில் பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள், பயிற்சிக்கு ஏற்கெனவே பத்து நிமிஷம் தாமதம்.