பெருக்கி வைத்த காடு

வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்தில் காடு வளர்க்கலாம் என்ற ஆசையை ஓய்வுபெற்ற பஸ் டிரைவருக்கு மூட்டிவிட்டது வனத்துறைதான். கன்றும் இலவசம், வேலியும் இலவசம். பலவகை மரங்களைக் கலந்து நட்டால் போதும், பறவையும் பூச்சியும் தாமாக வந்து சேரும் என்றார் வன அலுவலர். அவர் இளைஞர்; மண்புழுவைப் பற்றிப் பேசினால் அவர் முகமே மலர்ந்துவிடும். டிரைவர் உடனே தலையாட்டினார். தெருவுக்கே துணி தைத்துக் கொடுக்கும் அவர் மனைவி மட்டும், "மரம் வைங்க, வேணாங்கல. குப்பை சேரக்கூடாது" என்றார்.

அங்கேதான் வினை. தையல் மெஷினுக்கு அடியில் ஒரு நூல் கிடந்தாலும் தையல்காரம்மாவுக்குத் தூக்கம் வராது. கன்றுகள் ஆள் உயரத்தைத் தாண்டி இலை உதிர்க்கத் தொடங்கியதும், அவர் துடைப்பத்தை எடுத்தார்.

"இலை கீழயே கிடக்கட்டும்மா," என்று அலுவலர் வரும்போதெல்லாம் கெஞ்சுவார். "அதுலதான் பூச்சி இருக்கும். பூச்சி இருந்தாத்தான் பறவை வரும்."

"பூச்சி வரணும்னு நான் பெருக்காம இருக்கணுமா? நல்லா இருக்கே தம்பி கதை."

நடுவில் நின்ற டிரைவர், இரண்டு பக்கமும் இண்டிகேட்டர் போட்ட வண்டி மாதிரி விழிப்பார்.

ஒருநாள், இந்தக் குறுங்காட்டைப் பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் ஊர் முழுக்க இதேபோல் காடு வளர்க்க அனுமதி கிடைக்கும். டிரைவர் காலையிலேயே முகச்சவரம் செய்துகொள்ளக் கடைக்குப் போனார். திரும்பி வந்து பின்கதவைத் திறந்தவர், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

காட்டின் தரை கல்யாண மண்டபம் போலப் பளிச்சென்று இருந்தது. மரங்களுக்கு இடுப்பளவு சுண்ணாம்பு. விழுந்து கிடந்த கட்டைகளைக் காணோம்.

"விருந்தாளி வர்ற இடம் இல்லையா," என்றார் தையல்காரம்மா, நெற்றி வேர்வையைத் துடைத்தபடி.

தகவல் கேட்டு ஓடிவந்த அலுவலர் குனிந்து வெறுந்தரையைத் தடவிப் பார்த்தார். "இலையெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டார்.

"மூட்டை கட்டி இப்பத்தான் குப்பை வண்டில ஏத்தி விட்டேன்."

டிரைவர் ஸ்கூட்டரை எடுத்தார். அலுவலர் பின்னால் தொற்றிக்கொண்டார். பணியில் இருந்த காலம் முழுக்க யாரையும் முந்தாத மனிதர், அன்று சந்துக்குள் புகுந்து, ஹாரனை அலறவிட்டு, குப்பை வண்டிக்குக் குறுக்கே போய் நின்றார்.

"போட்ட குப்பையைத் திருப்பிக் கேக்கறவங்கள இப்பத்தான் பாக்கறேன்," என்று முனகிக்கொண்டே மூட்டைகளை இறக்கிக் கொடுத்தார் வண்டிக்காரர்.

பெரிய அதிகாரி உள்ளே வந்தபோது, இரண்டு ஆண்கள் சுத்தமான தரையில் குப்பையைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் துடைப்பத்தோடு அவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டீங்களா," என்றார் தையல்காரம்மா, வந்தவரும் ஒரு பெண் என்ற தெம்பில். "கஷ்டப்பட்டு நான் பெருக்கி வச்சா இவங்க மறுபடி கொட்டறாங்க. நீங்களாவது கேளுங்கம்மா."

அதிகாரி சிரிக்கவில்லை. சுவரோரமாகப் போனார். அங்கே கட்டைகளும் சுள்ளிகளும் நீளவாரியாக, துணி மடித்து வைத்தது போல அடுக்கப்பட்டிருந்தன. அடியில் இருந்தவை வெகுநாளாக அங்கேயே இருப்பவை. புடவை மண்ணில் படுவதைப் பாராமல் மண்டியிட்டு அவர் இடுக்கில் எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு தவளை, சுருண்ட மரவட்டைகள், இன்னும் ஆழத்தில் கண்கள் மின்ன ஒரு கீரி, குட்டிகளோடு.

"இதை யாரு அடுக்கினது?"

"நான்தான்," என்றார் தையல்காரம்மா, திட்டு விழும் என்று நினைத்து. "இறைஞ்சு கிடந்துச்சுன்னு அப்பப்ப எடுத்து வைப்பேன்."

"இப்படி அடுக்கச் சொல்லி நான் ஊரெல்லாம் கத்தறேன், ஒருத்தரும் கேக்கல. நீங்க பெருக்குங்க, நிறுத்தவே வேண்டாம். ஆனா வெளிய தள்ளாதீங்க, உள்ள தள்ளுங்க."

தையல்காரம்மா யோசித்தார். பெருக்கலாம் என்று சொன்னதே அவருக்குப் போதுமாக இருந்தது.

காடு தேறிவிட்டது. ஊரில் வேறு இடங்களிலும் கன்று நட அனுமதி வந்தது. தையல்காரம்மா இப்போது தெரு முழுக்கப் பெருக்கி, அடுத்த வீட்டு இலையையும் கேட்காமலேயே காட்டுக்குள் தள்ளுகிறார். ரவிக்கை அளவு கொடுக்க வருகிறவர்கள் மரவட்டை பற்றி முழுதாகக் கேட்ட பிறகுதான் வீடு போக முடிகிறது.

போன மழையில் தவளை ஒன்று தையல் அறைக்குள் குதித்தது. டிரைவர் பதறி நாற்காலியில் ஏறிவிட்டார். தையல்காரம்மா அதை முறத்தில் ஏந்திப் பின்கதவுக்கு நடந்தார்.

"அவ்வளவு பெரிய இடம் விட்டிருக்கு," என்றார் தவளையிடம். "இங்க வந்து ஏன் அழுக்கு பண்றே?"