சிவப்பு நூல்

என் மனைவி பிபாலுக்குக்கு எப்போதுமே வாய் நீளம். கடலில் சேரும் பிளாஸ்டிக்கை ஆராய எங்கள் பனிக்கடல் ஊருக்கு வந்த டோர்த்தே, சீல் எனும் கடல்நாய்களின் இரைப்பையை அறுத்துக் கழுவ அவளை உதவிக்கு வைத்துக்கொண்டபின் கேட்கவே வேண்டாம். பிபாலுக்கின் தம்பி அக்கலுக் வேட்டையாடிய சீலின் வயிற்றில் சிவப்புப் பிளாஸ்டிக் நூல் இருந்ததாம். மறுநாளே கடையில் நின்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

அது அவன் மகளின் ஞானஸ்நான விருந்துக்காகப் பிடித்த சீல். விருந்துக்கு எல்லோரும் போனோம். காபி குடித்தோம், கேக்கை ஒரு கை பார்த்தோம். சீல் கறிச் சூப்பை மட்டும் யாரும் தொடவில்லை. நானும்தான்.

"என்ன, எல்லாருக்கும் ஒரே நாள்ல பல்வலியா?" என்று சிரித்தான் அக்கலுக்.

"புள்ளத்தாச்சிங்கள்லாம் இருக்காங்கடா. எதுக்கு வம்பு?" என்றாள் பிபாலுக். சொந்த அக்கா!

அவன் முகம் சுண்டிப்போனது. பானையைத் தூக்கிக்கொண்டு போய் நாய்களுக்கு ஊற்றினான்.

அடுத்த வாரம் டோர்த்தே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அறுக்கும் மேசையில் ஒரு தட்டில் வெறும் தண்ணீர் வைத்திருப்பார்கள், காற்றிலிருந்து என்ன விழுகிறது என்று பார்க்க. அதிலும் அதே சிவப்பு நூலாம்.

"அந்த சீலை அறுத்த அன்னிக்கு பருத்திக் கோட்டு போட்டிருந்தீங்கதானே, பிபாலுக்?"

"போட்டிருந்தேனே. குளிருதேன்னு உள்ள மட்டும்..." என்றவள் தன் கைகளைப் பார்த்தாள். விருந்துக்கென்று வாங்கிய, பிளாஸ்டிக் இழையில் பின்னிய சிவப்பு ஸ்வெட்டர். அழகாயிருக்கிறது என்று அவளை ஏற்றிவிட்டவனே நான்தான். அன்று அவளைக் கூட்டிவரப் போனபோது, கோட்டுக்கு வெளியே அதன் கை நீட்டிக்கொண்டிருந்ததும் எனக்கு ஞாபகம் வந்தது.

"தட்டை முதல்ல பார்க்காதது என் தப்பு," என்றாள் டோர்த்தே. பிபாலுக் ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டுக் கிளம்பினாள்; நானும் பின்னால் போனேன். அவளை அப்படி நான் பார்த்ததேயில்லை.

தம்பி வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். அவன் திட்டியிருக்கலாம்; திட்டவில்லை.

"சூப்பு மிச்சம் இருக்காடா?" என்று பைத்தியம்போலக் கேட்டாள்.

"எல்லாத்தையும் ஊத்திட்டேனேக்கா."

பிறகு அவனுக்கு இன்னொரு சீல் கிடைத்தது. வழக்கம்போல வீடு வீடாகக் கறி கொண்டுவந்தான். அவன் குரல் கேட்டதும் பிபாலுக் உள்ளறைக்குள் புகுந்துகொண்டாள். நான் கையை நீட்டினேன். அவன் பையை விடவில்லை. கேலியாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெய்யாகவே கேட்டான்:

"நாய்க்குப் போடுறதா இருந்தா சொல்லிடுங்க மாமா. நானே போட்டுக்கிறேன்."