இரண்டு கரிக்கு ஒரு ஆக்சிஜன்

சமன்பாடு சமன் ஆகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அம்சவல்லிக்கு மறுநாள் வாலாஜாபாத்தில் பிளஸ் டூ அரைப்பரீட்சை, வேதியியல். வெளியே வல்லம் வடகால் ஊர் முழுக்க அடைமழை.

உள்ளறையில் அவள் அக்கா செங்கமலம், பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு படுத்திருந்தாள். பச்சை உடம்புக்குக் குளிர் ஆகாது என்று அம்மா கிளியம்மாள் ஜன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் பழந்துணி திணித்து, கதவடியில் சாக்குப் போட்டு, கட்டிலருகே சட்டியில் கரியைக் கணகணவென்று மூட்டி வைத்திருந்தாள். அவளைக் குறை சொல்லக் கூடாது. கிளியம்மாளின் கூடப்பிறந்த அக்கா தலைப்பிரசவத்தில் ஜன்னி கண்டு செத்தவள். எந்த இடுக்கிலோ காற்று நுழைந்துவிட்டது என்று ஊரே சொன்னது. அன்றிலிருந்து கிளியம்மாளுக்குக் காற்று என்றாலே எமன்.

முதல் கணக்கை அம்சவல்லி ஊதித் தள்ளிவிட்டாள். ஒரு கரி, ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு, ஒரு கார்பன் டை ஆக்சைடு. அடுத்ததில்தான் சனியன் பிடித்தது. அதே ஒரு ஆக்சிஜனுக்கு இரண்டு கரி. பங்கு போட்டால் ஒரு கரிக்கு ஒரு அணுதான் மிஞ்சும். அப்படியானால் வருவது இரண்டு கார்பன் மோனாக்சைடு. அப்பாடா, சமன் ஆகிவிட்டது. காற்று பற்றாத இடத்தில் கரி இப்படித்தான் அரைகுறையாக எரியும் என்று வரதராஜுலு வாத்தியார் சொல்லியிருந்தார். வருவது விஷம், வாடையே இருக்காது, முதலில் தலைவலிதான் வரும் என்றும் சொல்லியிருந்தார்.

காலையில் செங்கமலம் தலைவலி என்றாள். தூக்கம் கெட்டதால் என்று அம்மா பற்றுப் போட்டாள். சற்று முன்வரை குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. இப்போது சத்தமே இல்லை.

அம்சவல்லி நோட்டைக் கீழே போட்டாள். எழுந்து ஓடினாள். கிளியம்மாள் அறைக்கதவின் குறுக்கே நின்றாள். கரி, விஷம் என்று மகள் உளறியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

"வழிய வுடும்மா. உள்ள காத்தே இல்ல."

"காத்து பூந்தாதான்டி சாவு. தொறந்தே, கொன்னுடுவேன்."

பெற்றவளைத் தள்ளலாமா? தள்ளினாள். விழுந்தவளைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தாள். கரி புகையில்லாமல், பரம சாதுவாகச் சிவந்து கிடந்தது. கூப்பிட்டதற்குச் செங்கமலம் 'ம்' கூடச் சொல்லவில்லை. குழந்தையை வாரி அம்மாவின் மடியில் போட்டாள். ஈரத்துணிபோல் துவண்டு கிடந்த பேரனைக் கண்டதும் கிளியம்மாள் பதறி எழுந்தாள். வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அம்சவல்லி அக்காவின் கக்கத்தில் கைகொடுத்துத் தரதரவென்று இழுத்து வந்தாள்.

சாரல் முகத்தில் அடித்தது. குழந்தை அசையவில்லை. கிளியம்மாள் அதன் உள்ளங்காலைத் தேய்த்தாள், பேர் சொல்லாத தெய்வம் இல்லை. பிறகு அது ஒருமுறை விக்கியது, வீறிட்டது.

செங்கமலம் வாந்தியெடுத்துக் கண் திறந்தாள். தலை விண்விண்ணென்று தெறிக்கிறது, குளிருகிறது என்று முனகினாள். கிளியம்மாளின் கை அப்படியே நின்றுவிட்டது.

"எங்கக்காவும் இதையேதான்டி சொன்னா," என்றாள். "குளிருதுன்னாளேன்னு இன்னும் ரெண்டு கரி அள்ளிப் போட்டோம்."