ஒரே வீட்டிலிருந்து இரண்டு குரல்

மதியத்துக்குள் பதினோரு வீடுகளுக்குப் போன் போட்டு முடித்திருந்தாள் மார்லா. நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊர் தேவாலயத்தில் சாவு என்றாலும் சட்டம் என்றாலும் போன் சங்கிலிதான். ஒருத்தி பத்துப் பேருக்காவது சொல்லியாக வேண்டும். வாஷிங்டனில் அந்த வாரம் அறுந்த நரம்பையும் ஒருநாள் வளர்த்துவிடலாம் என்கிற ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்க இரண்டு மசோதாக்கள் வந்திருந்தன. முதலாவது, உறையவைத்த கருக்களைச் சிதைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு. இரண்டாவது, எந்தக் கருவுக்கும் சேதமில்லாமல் செய்வதற்கு மட்டும். "மொதல்ல உள்ளது வேண்டாம், ரெண்டாவது வேணும்னு செனட்டர் ஆபீஸ்ல சொல்லிடுங்க" என்று பதினோரு பேருக்கும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்திருந்தாள். பாக்கி அவளுடைய அழைப்பு மட்டும்தான்.

அதற்குத்தான் கை வரவில்லை. கணவன் டுவைட் தானியக் குதிரின் ஏணியிலிருந்து விழுந்து மூன்று வருடமாகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வே கிடையாது. அவன் எழுந்து நடப்பான் என்றால் எந்த ஆராய்ச்சியையும் வேண்டாமென்று சொல்ல அவளுக்கு மனமில்லை. வேண்டுமென்று சொல்லவும் முடியவில்லை. கூடத்தில் அவனோடு பொம்மை டிராக்டர் ஓட்டிக்கொண்டிருக்கும் ஐந்து வயது எல்சியும் ஒரு காலத்தில் உறைந்து கிடந்த கருதான். யாரோ ஒரு தம்பதி தங்களுக்குப் போதுமென்று விட்டுவைத்ததைக் கேட்டு வாங்கி, மார்லா சுமந்து பெற்றாள்.

கடைசியில் எண்களை அழுத்திவிட்டாள்.

"எந்த மசோதா மேடம்?" என்றான் செனட்டர் ஆபீஸில் எடுத்தவன்.

"ரெண்டும்."

"ரெண்டுக்கும் எதிர்ப்பா?"

"இல்லப்பா. ரெண்டுக்கும் ஆதரவுன்னு போடு."

சொன்ன பிறகுதான் கூடத்தில் டிராக்டர் சத்தம் நின்றுபோனது அவளுக்கு உறைத்தது. சக்கர நாற்காலி சமையலறை வாசலுக்கு வந்தது.

"ஊருக்கெல்லாம் ஒண்ணு சொல்லிட்டு நீ ஒண்ணு சொல்றியா?" என்றான் டுவைட். "என் காலுக்காகவா?"

"பின்ன, பக்கத்துப் பண்ணை மாட்டுக்காகவா?" குரல் உடைந்துவிட்டது.

"எல்சியப் பாத்துக்கிட்டேவா சொன்னே?"

"பாக்கல. பாத்திருந்தா வாய் வந்திருக்காது."

அவன் கை நீட்டினான். போனைக் கொடுத்தாள். தன் பெயரைச் சொன்னான். முதலாவதுக்கு எதிர்ப்பு, இரண்டாவதுக்கு ஆதரவு என்று நிதானமாகச் சொன்னான். அவள் சொன்னதை அடித்துவிடச் சொல்லப்போகிறான் என்று நினைத்து மார்லா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இப்ப பேசினது என் பொண்டாட்டி" என்றான் டுவைட். "அவ சொன்னதச் சரியா எழுதியிருக்கீங்களா? வாசிங்க பாப்போம்." கேட்டுவிட்டுத் தலையசைத்தான். "ஆமா, ரெண்டுக்கும் ஆதரவு. அப்படியே இருக்கட்டும்."

மார்லா சுவரிலிருந்து நிமிர்ந்தாள்.

"நானும் பேசணும்ப்பா!" ஓடிவந்த எல்சி, நாற்காலியின் மிதிபலகையில் இருந்த அவன் பாதங்கள்மேல் ஏறி, குதிகாலை உயர்த்திப் போனுக்கு எட்டினாள். முழு எடையும் அவன் விரல்களின்மேல். டுவைட் ஊரின் அஞ்சல் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தான். பிள்ளை எதன்மேல் நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.