இருநூறு கேபி சுவர்

என் வீட்டுச் சுவரில் விரிசல் இல்லையாம். நகராட்சியிலிருந்து செய்தி வந்திருந்தது. படத்தில் சேதம் எதுவும் காணப்படவில்லை, புகார் முடித்துவைக்கப்பட்டது என்று மாப்பிள்ளை கைப்பேசியைப் பார்த்து வாசித்தார். அவர் வாசிக்கும்போது நான் அந்த விரிசலுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்துபோய்ச் சுண்டுவிரல் நகத்தை உள்ளே விட்டுப் பார்த்தேன். நுழைந்தது. அப்படியானால் ஒன்று நான் குருடன், இல்லை அவர்கள் குருடர்கள். எனக்குக் கண்புரை எடுத்தாகிவிட்டது.

பக்கத்து மனையில் பெரிய கட்டடம் வருகிறது. கார்களை நிறுத்துவதற்குத் தரைக்குக் கீழே இடம் வேண்டுமாம், அதற்குக் குழி. பாறையை உடைக்கிற இயந்திரம் காலையில் ஆரம்பித்தால் எங்கள் அடுப்படியில் தட்டும் டம்ளரும் தானாக நடக்கும். குழி தோண்ட ஆரம்பித்த மாதமே ஜன்னல் மூலையிலிருந்து ஒரு கோடு கிளம்பியது. படிக்கட்டு மாதிரி ஏறி ஏறிக் கூரைவரை போனது. கீழே நகம் நுழையும், மேலே போகப்போக மயிரிழை. லாரி ஓட்டி, கண்ட ஊரில் கண்ட சோற்றைத் தின்று கட்டிய வீடு இது. அந்தச் சுவரை ஒட்டித்தான் என் மனைவியின் கட்டில். பக்கத்து அறையில் படு என்றால் அங்கே காற்று வராது என்கிறாள்.

இதுவரை அவர்கள் தோண்டியது எதிர்ப்பக்கம். அடுத்து இயந்திரம் எங்கள் சுவர்ப்பக்கம் திரும்பப்போகிறது. திரும்பினால் சுவர் நிற்காது. இதைச் சொல்லப் பட்டம் வாங்கியிருக்க வேண்டியதில்லை.

வேலையை மேற்பார்வை பார்ப்பவன் ஒருவன் அங்கே உண்டு. எதைச் சொன்னாலும் பல்லைக் காட்டுவான். நாங்கள் அவனுக்குச் சிரிப்புக்காரன் என்று பேர் வைத்திருந்தோம். அவனிடம் தினமும் போய்ச் சொன்னேன். பாத்துக்கலாம் பெரியவரே, பாத்துக்கலாம் பெரியவரே என்பான். பார்த்தபாடில்லை. சரி, மேலே சொல்வோம் என்று நகராட்சிக்குப் போனால் நேரில் வாங்க மாட்டார்களாம். இணையத்தில்தான் புகார் போட வேண்டும், படம் வைக்க வேண்டும், ஒவ்வொரு படமும் இருநூறு கேபிக்குள் இருக்க வேண்டும். கேபி என்றால் என்ன என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். படத்தோட எடை மாதிரி மாமா என்றார். கைப்பேசி எடுக்கிற படம் அதைப்போல இருபது மடங்கு கனமாம். அவன் தோண்டுகிற குழிக்கு அளவு கேட்க ஆளில்லை. என் படத்துக்கு மட்டும் தராசு.

மாப்பிள்ளை கவலைப்படவேயில்லை. கவலைப்படாததுதான் அவருடைய பெரிய குணம். அவருக்கு வேலையே அதுதான். சோபா, கட்டில், நாற்காலி எல்லாம் இணையத்தில் விற்கிற கடையில் இருக்கிறார். பொருளைப் படம் எடுத்து, எடையைக் குறைத்து, பளபளவென்று ஏற்றிவிடுவார். எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். வீட்டோடு மாப்பிள்ளை என்று சொன்னால் என் மகளுக்குக் கோபம் வரும், அதனால் சொல்வதில்லை.

"தரம் குறையாது மாமா. பாக்குறவங்க கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது" என்றார்.

என் மனைவியின் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். சுவர் முழுக்கத் தெரிய வேண்டும் என்று தூரத்தில் நின்று, சாட்சிக்கு என்னையும் பக்கத்தில் நிறுத்தி. அதை மாப்பிள்ளை தன் கைப்பேசிக்கு அரட்டைச் செயலியில் அனுப்பிக்கொண்டார். அங்கிருந்து கணினி. அங்கே ஒரு பொத்தான். முடிந்தது மாமா என்றார். நான் பார்க்கவில்லை. பொத்தானை அமுக்கி முடிகிற எந்த வேலையையும் நான் நம்பியதில்லை, ஆனால் அன்றைக்கு நம்பித் தொலைத்தேன்.

இல்லை என்று செய்தி வந்த மறுநாள் நகராட்சிக்குக் கிளம்பிப் போனேன். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்தார்கள். அங்கே ஒரு பெண் அதிகாரி. சண்டை போடுகிற தயாரிப்போடு போயிருந்த எனக்கு அவர் நாற்காலி காட்டி உட்காரச் சொன்னதே எரிச்சலாக இருந்தது. விரிசல் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, நடந்தே வந்து பார்க்கலாம் என்றேன். படத்தில் இருந்தால்தான் பொறியாளரை அனுப்ப முடியும் என்றார். படத்தில் இருக்கிறது என்றேன். அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

சுவர் இருந்தது. ஜன்னல் இருந்தது. சுவரில் மாட்டிய கடிகாரம் இருந்தது. விரிசல் இல்லை. பாலில் குளிப்பாட்டி எடுத்த மாதிரி ஒரு சுவர். அதன் பக்கத்தில் நான். என் முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவன் மாதிரி நிற்கிறேன்.

"இது நீங்கதானேய்யா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். முடித்துவைத்த புகாரை ஒரே ஒரு முறை திரும்பத் திறக்கலாம், இந்தத் தடவை இரண்டு படம் வைக்கலாம், அதிலும் தெரியாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அவர் மேல் கோபப்பட முடியவில்லை. அதனால் கோபம் முழுவதையும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் புதுச் சாய வாடை.

என் மனைவி வாசலிலேயே நின்றாள், முகமெல்லாம் மலர்ந்து. நான் போன பிறகு சிரிப்புக்காரன் ஆள் அனுப்பியிருக்கிறான். அம்மா, உங்களுக்குத் தொந்தரவு கொடுத்துட்டோம், நாங்களே பூசிக் கொடுத்துடறோம் என்று. வந்தவர்கள் விரிசலில் பட்டி மாவைக் குழைத்து அடைத்து, வழித்து, அந்தச் சுவர் முழுக்க வெள்ளையடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கூட்டிப் பெருக்கிக்கூட விட்டுப் போனார்களாம், அவ்வளவு மரியாதையான பையன்களாம்.

நான் சுவர் முன்னால் போய் நின்றேன். நகராட்சித் திரையில் பார்த்த அதே சுவர். மாப்பிள்ளை கணினிக்குள் செய்ததை அவர்கள் வீட்டுக்குள் செய்திருந்தார்கள்.

"யாரைக் கேட்டு உள்ளே விட்டே?"

"ஏங்க, நல்லதுதானே பண்ணாங்க."

"நல்லதா? சுவத்துக்கு உள்ளே விரிசல் விட்டது அப்படியே இருக்கு. மேலே பவுடர் அடிச்சிருக்கான். நாளைக்கு எது சாட்சின்னு காட்டுவே, உன் மரியாதையான பையன்களையா?"

அவள் கட்டிலில் உட்கார்ந்து அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் வெள்ளை ஒட்டியது. அதைப் புடவையில் துடைத்தவள், மறுபடி தொடவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன். என்ன செய்தீர்கள் என் சுவரை என்று கேட்டேன். எங்கள் வீட்டில் மாப்பிள்ளைக்கு மரியாதை குறையாது, திட்டினாலும் நீங்க, வாங்கதான். அவர் அந்தப் படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தார். முகம் சிறுத்துப் போனது.

"கடையில சோபாவுக்குப் போடுற செட்டிங் மாமா. துணியில புள்ளி, தூசி, சுருக்கம் எது இருந்தாலும் அதுவே வழிச்சு எடுத்துடும். அப்பதான் எடையும் குறையும்."

"என் சுவர் என்ன சோபாவா? சாஞ்சு உட்காரப் போறாங்களா?"

மகள் குறுக்கே வந்தாள். "அப்பா, விடுங்க. வேணும்னேவா பண்ணார்?"

வேண்டுமென்று செய்தால்கூடப் பரவாயில்லை, சிரிப்புக்காரன் வேண்டுமென்று செய்தான், அவனோடு சண்டை போடலாம், வேண்டுமென்று இல்லாமலே இவ்வளவு செய்கிறவரோடு என்ன சண்டை போடுவது என்றேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ஒன்று கேட்டார்: அத்தையின் கைப்பேசியில் அசல் படம் இருக்கிறதா.

என் மனைவியின் கைப்பேசி எப்போதும் நிரம்பி வழியும். தினமும் காலையில் யார் யாரோ அனுப்புகிற ரோஜாப்பூவும் சூரியனும். இடமில்லை இடமில்லை என்று அது கத்தும்போதெல்லாம் கையில் கிடைத்ததை அழிப்பாள். மகள் கைப்பேசியை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ரோஜா, ரோஜா, குழந்தை ஒன்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, மறுபடி ரோஜா.

"இருக்கு" என்றாள்.

மூன்று படம் இருந்தது. முதலில் எடுத்தது, நான் கண்ணை மூடிவிட்டேன் என்று மறுபடி எடுத்தது, அப்புறம் என் மனைவி யாருக்கும் சொல்லாமல் கிட்டப்போய்ச் சுவரை மட்டும் எடுத்தது. எதற்கு எடுத்தாய் என்றால், தங்கச்சிக்கு அனுப்பலாம்னு, அவள் நம்பவே மாட்டேங்கிறா என்றாள்.

இந்தத் தடவை அரட்டையில் அனுப்ப வேண்டாம், அதில் போகும்போதே பாதி போய்விடும் என்று கம்பி போட்டு நேராகக் கணினியில் ஏற்றினார் மாப்பிள்ளை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பொத்தானை அமுக்கி முடிக்கிற கதையெல்லாம் என்னிடம் இனி நடக்காது, ஒவ்வொன்றாகக் காட்டிச் செய்யுங்கள் என்றேன். அவர் காட்டினார். கிட்டத்தில் எடுத்த படத்தில் ஜன்னல் மூலையும் விரிசலும் இருக்கிற பட்டையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டினார். திரைச்சீலை போனது, கடிகாரம் போனது. வெட்டினதிலேயே பெரும் எடை குறைந்துவிட்டது. வழிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மிச்ச எடைக்கு, தரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். இடதுபக்கம் அசல், வலதுபக்கம் இறக்கினது. இறக்க இறக்க ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் திடீரென்று சுவர் கட்டம் கட்டமாக உடைந்தது, மேலே மயிரிழையாகப் போகிற இடத்தில் கோடு விட்டு விட்டுத் தெரிந்தது.

"இங்க போச்சு" என்றேன்.

"அளவுக்குள்ள வந்துடுச்சு மாமா. கீழ்ப்பக்கம் நல்லாத் தெரியுதே."

"கீழே தெரிஞ்சா பூச்சு வெடிச்சிருக்குன்னு சொல்லிடுவான். கூரைவரைக்கும் போகுதுன்னு தெரிஞ்சாத்தான் சுவர் போச்சுன்னு அர்த்தம். தரத்தை ஏத்துங்க."

ஏற்றினார். அளவைத் தாண்டியது. ஓரத்தில் இன்னும் கொஞ்சம் வெட்டினார். மறுபடி தாண்டியது. வண்ணத்தை எடுத்துவிட்டால் கொஞ்சம் குறையும் என்று கறுப்பு வெள்ளை ஆக்கினார். கோடு இன்னும் எடுப்பாக நின்றது. நூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம் என்று காட்டியது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கீழேயிருந்து கூரைவரை விரலை வைத்துக்கொண்டே போனேன். எங்கேயும் அறுபடவில்லை.

இரண்டாவதாக, நான் நிற்கிற முழுச்சுவர்ப் படம். இது எந்த வீடு, எந்த இடம் என்று காட்டத்தான், சின்னதாகப் போதும் என்றார். எடுத்த நாளும் இடமும் படத்துக்குள்ளேயே எழுதியிருக்குமாம், கடை செட்டிங் அதையும் துடைத்திருக்கிறது, இப்போது துடைக்காமல் வைத்திருக்கிறேன் என்றார். நான் எங்கே நிற்கிறேன் என்று என்னைக் கேட்காமலே கைப்பேசி எழுதி வைக்கிறது. அதற்குத் தனியாக ஒருநாள் கோபப்பட வேண்டும் என்று தள்ளி வைத்தேன்.

ஏற்றினோம். மறுநாள் காலையிலேயே பொறியாளர் வந்தார். கூடவே சிரிப்புக்காரனும் வந்தான், அழைக்காமலே. வாலிப வயசுப் பொறியாளர் வெள்ளைச் சுவரைப் பார்த்தார், கையிலிருந்த பலகைத் திரையில் எங்கள் படத்தைப் பார்த்தார்.

"இங்க ஒண்ணும் இல்லையே?"

"அதான் சார். வேற எந்த வீட்டுப் படமோ. பெரியவருக்கு எங்க மேல கொஞ்சம் கோபம்" என்றான் சிரிப்புக்காரன். பல் எல்லாம் வெளியே.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி அடுப்படிக்குள் போய்க் காய் நறுக்குகிற கத்தியோடு வந்தாள். சிரிப்புக்காரன் ஓரடி பின்னால் போனான். அவள் அவனைப் பார்க்கவேயில்லை. கட்டில்மேல் ஏறி நின்றாள்.

"தம்பி, அந்தப் படத்தைப் பாத்துச் சொல்லுங்க. ஜன்னல் மூலையிலேர்ந்து எந்தப் பக்கம் போகுது?"

"வலது பக்கம். ரெண்டு செங்கல் மேல, அப்புறம் ஒரு செங்கல் வலது."

சுரண்டினாள். மேல்பூச்சு பொடியாக உதிர்ந்தது, உள்ளே பட்டி இன்னும் காயாமல் தயிர் மாதிரி இருந்தது. கத்தி நுனி உள்ளே போனது. அவர் சொல்லச் சொல்ல அவள் சுரண்டிக்கொண்டே போனாள். மேலே எட்டாத இடத்தில் மாப்பிள்ளை கத்தியை வாங்கிக்கொண்டார். கூரைக்குப் பக்கத்தில் மெதுவாக. அங்கேயும் இருந்தது. பொறியாளர் பலகையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். படத்தில் எங்கே மடங்கியதோ சுவரிலும் அங்கேதான் மடங்கியது. எடுத்த நாளையும் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் வெளியே போய்க் குழியைப் பார்த்துக் கையை உயர்த்தினார். இயந்திரம் நின்றது. எங்கள் சுவர்ப்பக்கம் முட்டுக் கொடுத்து, தாங்கு சுவர் கட்டி முடிக்கிறவரை ஒரு கல்லையும் உடைக்கக் கூடாது என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

என்னிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பொறியாளர் பலகையை மூடிக்கொண்டு போனார். சிரிப்புக்காரன் மட்டும் வாசலில் தயங்கி நின்றான்.

"ஒரு வார்த்தை நேர்ல சொல்லியிருந்தா நாங்களே நிறுத்தியிருப்போமே பெரியவரே."

தினமும் அவனிடம் போய்ச் சொன்னவன் நான். என் மனைவி தலையெல்லாம் வெள்ளைப் பொடியோடு வாசலுக்கு வந்தாள்.

"கட்டிலை நகர்த்தணும் தம்பி, ரொம்பக் கனம். ரெண்டு ஆளை அனுப்புங்க. மரியாதையான பையன்களா வேண்டாம், சும்மா பையன்களா அனுப்புங்க" என்றாள்.