வெங்காயத் தாள் சாய்ந்தபோது

மகள் வாணியின் பிரசவத்துக்காகப் பாக்கார் ஆராங்குக்குக் கிளம்பியபோது, அம்சவள்ளி புருஷனிடம் ஒரே ஒரு காரியம்தான் சொன்னாள்.

"வெங்காயத்துக்கு இனிமே தண்ணி வேணாங்க. பைப்ப மூடிட்டேன். அப்படியே கெடக்கட்டும்."

"சரிலா, எத்தன தடவ சொல்லுவ," என்றார் சத்தியசீலன்.

எத்தனை தடவை சொன்னாலும் பத்தாது என்று அவளுக்குத் தெரியும். லோரி ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன் ஓய்வு பெற்றதிலிருந்து, ரப்பர் ட்யூபைக் கையில் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் அடிப்பதில்தான் சுகம் கண்டார். கோலா கெத்திலில் ரப்பர் காட்டை ஒட்டிய நிலத்தில் அவள் சின்ன வெங்காயம் போட்டு, பாத்திக்குப் பாத்தி சொட்டுநீர்க் குழாய் இழுத்திருந்தாள். ரப்பர் மரம் இலை கொட்டும் வெயில் காலம். ஆறு சுருங்கிக் கிடந்தது. அதிலிருந்து ஏற்றி நிரப்பும் ஒரே தொட்டிதான் அவளுடைய வெங்காயத்துக்கும், பக்கத்து நிலத்து அபூபக்கரின் மிளகாய்க்கும். சத்தியசீலனோ, மத்தியான வெயிலில் தாள் கொஞ்சம் துவண்டால் போதும், ட்யூபைத் தேடுவார்.

"வெரல உள்ள விட்டுப் பாருங்க, ஈரமா இருக்கா இல்லையா?"

"மேல காஞ்சிருக்கே."

"வேரு மேலயா இருக்கு?"

தினமும் இதே பேச்சுதான்.

பேரன் பிறந்து, மகளும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அம்சவள்ளி ஊர் திரும்பினாள். கெரேத்தாவை நிலத்தோரம் நிறுத்திக் கதவைத் திறக்கும்போதே வாய்க்காலில் தண்ணீர் பளபளத்தது. பாத்தியில் கால் வைத்தாள். கணுக்கால்வரை சேறு.

"என்னங்க இது?"

"எல்லாம் படுத்துப் போச்சு வள்ளி. ஒரே நாள்ல. செத்துருமோன்னு பயந்து ட்யூபத் தெறந்து விட்டுட்டேன்."

"படுத்தா முத்திருச்சுன்னு அர்த்தம். அப்பத்தான் தண்ணிய நிறுத்தணும். சாயுற நேரம்னுதான மூடிட்டுப் போனேன்?"

"நீ படுத்துக்கும்னு சொல்லலையே."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல?"

"ஆஸ்பத்திரியில இருந்த. புள்ளையப் பாக்குற நேரத்துல எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன்."

அவள் சேற்றிலிருந்து காலை உருவினாள். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதற்குள் வேலியோரம் அபூபக்கர் வந்து நின்றான். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது. "அக்கா, தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல. மொளகா நாத்து இப்பத்தான் நட்டேன். எல்லாம் வாடுது."

அம்சவள்ளி புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். பிறகு பிக்கப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், குழாய்த் தண்ணீரைப் பிளாஸ்டிக் டின்களில் நிரப்பிக்கொண்டு வந்தார்.

அவள் வெங்காயத்தைப் பிடுங்க ஆரம்பித்தாள். காத்திருந்தால் மிச்சமும் போய்விடும். மேட்டுப் பக்கம் இருந்தது காய்ந்து, கழுத்து சுருங்கி, கையில் கெட்டியாக நின்றது. பள்ளத்தில் இருந்ததெல்லாம் கழுத்து தடித்து, அமுக்கினால் நீர் விட்டது. சிலவற்றில் புது வேர்கூட விட்டிருந்தது. உலர்த்தி வைத்து, நல்ல விலை வரும்போது விற்கலாம் என்று நினைத்திருந்தாள். ஈர வெங்காயத்தை எங்கே வைப்பது? தாளோடு கட்டி மறுநாள் பெண்டாங் பாசாரில் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

வேலிக்கு அப்பால் பேச்சுக் கேட்டது.

"ஒரு கப்பு போதுமா பாய்?"

"போதும் அண்ணே."

"இன்னும் கொஞ்சம் ஊத்துறேனே, பாவம்."

"வேணாம் அண்ணே. வேரு அழுகிரும்."

"மேல காஞ்ச மாதிரி இருக்கு."

அம்சவள்ளி கையில் இருந்த வெங்காயத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். "ஏங்க, கப்ப அந்தத் தம்பிகிட்ட குடுத்துட்டு இங்க வாங்க."

வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பிடுங்கினார். நல்லதையும் கெட்டதையும் ஒரே குவியலில் போட்டார். அவள் பிரித்துப் போட்டாள். மறுபடி கலந்தார். கடைசியில் பிள்ளை யார் ஜாடை என்று கேட்டார். "உங்க ஜாடைதான்," என்று சொல்லும்போது அவளையும் மீறிச் சிரிப்பு வந்தது.

பாசாரில் பாதி விற்றது. மேட்டு வெங்காயம் மட்டும் தப்பி, கொட்டகையில் காய்ந்து தொங்கியது. விற்காமல் திரும்பிய ஈர வெங்காயத்தை, அழுகுமுன் தினமும் சாம்பாரில் போட்டுத் தீர்த்தார்கள்.

அடுத்த போகத்தில் தாள் சாயும் நேரம் பார்த்துப் பேரனைப் பார்க்கப் போகவேண்டி வந்தது. அவள் தண்ணீரை மூடினாள். வேறு வழியில்லாமல் புருஷனையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள்.